இதயத்துக்கு ஒட்டுப்போட முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

ஜேர்மனியில், ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலத்திலிருந்து) ஆய்வுகூடத்தில் வளர்த்த தசையை ஒரு பெண்ணின் இதயத்தில் தைத்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எமக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதயம் பற்றியவைதான். அவற்றில் சிலவற்றுக்கு இருதய நோய் வைத்தியரும் கல உயிரியல் ஆய்வாளரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இங்கே.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. போன வருடம் மாரடைப்பு வந்தது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘ஈ.எஃப். 30’ என்று இருக்கிறது. ஸ்டெம் செல்லில் செய்த இதய ஒட்டை அவருக்குப் போடலாமா? எங்கே போக வேண்டும்?
– வாசகி, தலவாக்கலை

இப்போதைக்குப் போட முடியாது. கடையில் வாங்கும் மருந்துபோல அது இன்னும் ஆகவில்லை. பரிசோதனையில்தான் இருக்கிறது.

ஈ.எஃப். 30 என்றால், இடது இதயவறையில் நிரம்பும் குருதியில் ஒவ்வொரு துடிப்புக்கும் 30 வீதமே வெளியேறுகிறது என்று பொருள். சாதாரணமாக 55 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். மாரடைப்பில் செத்த தசையின் இடத்தில் தழும்பு நிற்கிறது. தழும்பு சுருங்காது. மிச்சத் தசைதான் முழு வேலையையும் இழுக்கிறது.

நீங்கள் படித்த செய்தி ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழக வைத்தியசாலையினுடையது. 2021இல் 46 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தின் மேல் 10 ஒட்டுகளைத் தைத்தார்கள். அவற்றில் மொத்தம் 40 கோடி கலங்கள் இருந்தன. மூன்று மாதத்தில் அவருக்குத் தானமாக ஓர் இதயம் கிடைத்தது. மாற்றும்போது கழற்றிய பழைய இதயத்தை வெட்டிப் பார்த்ததில், ஒட்டின் தசை உயிரோடு இருந்தது, அதற்குள் குருதிக்குழாயும் ஓடியிருந்தது. இந்த விபரம் 2025 ஜனவரியில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியானது. ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் 2020 ஜனவரியில் 10 கோடி கலங்கள் கொண்ட மெல்லிய தகடுகளை ஒரு நோயாளியின் இதயத்தில் ஒட்டினார்கள். ஆக, ஒட்டிய தசை மனித உடலில் பிழைக்கும் என்பது தெரிந்துவிட்டது. அதனால் நோயாளி கூடுதல் காலம் வாழ்வாரா என்பதற்கு இன்னும் பல நோயாளிகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு இன்று செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இதயம் பலவீனப்பட்டவர்களுக்கு நான்கு வகை மருந்துகள் ஆயுளைக் கூட்டுகின்றன: எனலாப்ரில் வகை, கார்வெடிலோல் அல்லது பிசொப்ரோலோல், ஸ்பைரோனோலக்டோன், டபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். நான்கும் எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கிளினிக்கில் கேளுங்கள். சிலருக்குச் சிறுநீரகம் அல்லது பொட்டாசியம் காரணமாக ஒன்றைத் தவிர்த்திருப்பார்கள், அது சரியானதுதான். சிறிய அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்ட வேண்டிய மருந்துகள் இவை. தொடங்கிய அளவிலேயே வருடக்கணக்கில் நின்றுவிடுவதுதான் நாம் அடிக்கடி காணும் குறை. மூன்று மாதம் முழு மருந்து எடுத்த பிறகும் ஈ.எஃப். 35க்கு மேல் ஏறாவிட்டால், ஆபத்தான லயக் கோளாறை மின்னதிர்ச்சியால் சரிசெய்ய நெஞ்சில் பொருத்தும் ஐ.சி.டி. கருவி தேவையா என்றும் கேட்கலாம்.

தினமும் காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிடுமுன் நிறை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, உடலில் தேங்கும் நீர். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாள் முழுவதற்கும் உப்பு ஒரு தேக்கரண்டியைத் தாண்டக்கூடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் இந்தக் கணக்கை ஒரே வேளையில் முடித்துவிடும். இன்னொன்று: மலையேறி இறங்கும் முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபெனக், இபுபுரோஃபன் மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கி, பலவீனமான இதயத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அப்பா அவற்றைத் தொடவே கூடாது. வலிக்குப் பரசிற்றமோல் போதும்.

கேள்வி: கையில் வெட்டுக்காயம் பட்டால் தானாக ஆறுகிறதே, இதயம் மட்டும் ஏன் ஆறுவதில்லை?
– வாசகர், அப்புத்தளை

இதயமும் ஆறுகிறது. ஆனால் தழும்பாக ஆறுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் 2009இல், இதயத் தசைக்கலங்கள் எவ்வளவு புதுப்பிக்கப்படுகின்றன என்பதை ஒரு விநோதமான வழியில் அளந்தார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகளால் வளிமண்டலத்தில் காபன்-14 கூடியது. அது உணவு வழியாக அக்காலத்தில் பிறந்த கலங்களின் டி.என்.ஏ.யிலும் பதிந்தது. அதைக்கொண்டு இதயக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் வருடத்துக்கு ஒரு வீதம் புதுப்பிக்கப்படுகிறது. 75 வயதில் அது அரை வீதத்துக்கும் குறைவு. பெரிய மாரடைப்பு ஒன்று 100 கோடி வரை தசைக்கலங்களைக் கொன்றுவிடக்கூடும். இந்த வேகத்தில் அந்த இழப்பு ஈடாகாது. வரிக்குதிரை மீன் இதயவறையின் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் வளர்த்துக்கொள்கிறது. பிறந்த எலிக்குஞ்சுக்கும் முதல் சில நாட்கள் அந்தத் திறன் உண்டு, ஒரு வாரத்தில் போய்விடுகிறது.

அதனால் சாகப்போகும் தசையைக் காப்பாற்றுவதே இன்றுள்ள மிகச் சிறந்த ‘இதயப் பழுதுபார்ப்பு’. இதயத்துக்குக் குருதி தரும் நாடி அடைபட்டு ஏறக்குறைய 20 நிமிடத்தில் சுவரின் உட்பக்கத்திலிருந்து தசை சாகத் தொடங்குகிறது. 6 மணித்தியாலத்தில் பெரும்பகுதி போய்விடும். அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி (ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ்) 12 மணித்தியாலம் வரை போடப்பட்டாலும், முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை.

இலங்கையின் மலையகத்தில் இந்த நேரம் எங்கே போகிறது? வாயுக் கோளாறு என்று இஞ்சித்தண்ணீர் குடித்து விடியும்வரை பார்த்திருப்பதில் போகிறது. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை எல்லாம் அறிகுறிகள். நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும் வரலாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வண்டி ஏற முடியாத லயன் என்றால் அழைக்கும்போதே சொல்லி, பிரதான வீதியில் எங்கே சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போங்கள், நடக்க விட வேண்டாம். ஒவ்வாமையோ குருதி கசியும் புண்ணோ இல்லாதவர் அஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கலாம். தோட்ட டிஸ்பென்சரியில் தங்கி நேரம் போக்காமல், ஈ.சி.ஜி. எடுத்து ஊசி போடும் வசதியுள்ள வைத்தியசாலைக்கு நேரே போக வேண்டும். அது எது என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இந்த இதய ஒட்டை உண்மையில் எப்படிச் செய்கிறார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– மாணவி, ஹட்டன்

சொல்கிறோம் தங்கச்சி. கொஞ்சம் நீளும்.

தொடக்கம், வளர்ந்த ஒருவரின் குருதிக் கலமோ தோல் கலமோ. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், நான்கு பரம்பரையலகுகளை (ஒக்ட்-4, சொக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக்) செலுத்தி அப்படிப்பட்ட கலத்தை மூலக்கலமாக மாற்றிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்று அவற்றை, மரபுத்தொகுதிக்குள் நுழையாத செண்டாய் வைரஸ் போன்றவற்றால் செலுத்துகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் மூலக்கலக் கூட்டங்கள் தென்படும். ஆயிரம் கலத்தில் ஒரு சிலதான் மாறும். நல்லவற்றைப் பெருக்கி, நிறமூர்த்தங்களைச் சோதித்து, திரவ நைதரசனில் சேமிப்பார்கள். இங்கேயே ஒரு பொறி இருக்கிறது: நெடுநாள் வளரும் மூலக்கலங்களில் 20ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு இரட்டிப்பாகும் குறை அடிக்கடி தோன்றும். அந்தக் கலங்கள் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகி, சேமித்த கல வங்கி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தொகுதியை எறிய வேண்டியதுதான்.

அடுத்தது இதயக் கலமாக்கல். மூலக்கலங்கள் தட்டின் அடிப்பரப்பில் 80 முதல் 90 வீதம் நிறைந்ததும் சி.எச்.ஐ.ஆர்-99021 என்ற மருந்தை 6 முதல் 12 மைக்ரோமோலார் செறிவில் 24 மணித்தியாலம் கொடுப்பார்கள். இது ‘விண்ட்’ என்ற சமிக்ஞையைத் தூண்டி, கலங்களை நடுப்படை (கருவில் இதயமும் தசையும் தோன்றும் படை) நோக்கித் திருப்பும். மூன்றாம் நாள் அதே சமிக்ஞையை ஐ.டபிள்யூ.பி-2 என்ற இன்னொரு மருந்தை (5 மைக்ரோமோலார்) கொண்டு இரண்டு நாள் அடக்குவார்கள். முதலில் தூண்டி, பிறகு அடக்குவது: கருவில் இதயம் உருவாகும் ஒழுங்கும் இதுதான். முதல் ஏழு நாள் ஊடகத்தில் இன்சுலின் இருக்கக்கூடாது, இருந்தால் இதயப் பாதை தடைபடும். எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் தட்டில் துடிப்புத் தெரியும். தெரியாவிட்டால், பெரும்பாலும் காரணம் தொடக்க அடர்த்தி: குறைவென்றால் மருந்தே கலங்களைக் கொன்றுவிடும், அதிகமென்றால் மருந்து வேலை செய்யாது. ஒவ்வொரு கல வரிசைக்கும் மருந்தின் அளவை 1 மைக்ரோமோலார் இடைவெளியில் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரின் அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது.

பிறகு சுத்திகரிப்பு. குளுக்கோசே இல்லாத, லக்டேற் மட்டும் உள்ள ஊடகத்தில் நான்கு முதல் ஆறு நாள் வைப்பார்கள். இதயக் கலம் லக்டேற்றை எரித்து உயிர்வாழும், மாறாத மூலக்கலமும் மற்றவையும் பட்டினியில் சாகும். இந்தப் படியை யாரும் அவசரப்படுத்தக்கூடாது. மாறாமல் தப்பிய மூலக்கலங்கள் இதயத்துக்குள் போனால் டெராற்றோமா என்ற கட்டி வளரும். இதயத் தசைக்கலத்தின் அடையாளமான ட்ரோப்போனின்-டி புரதத்துக்குச் சாயமிட்டு, எத்தனை வீதம் இதயக் கலம் என்று எண்ணுவார்கள். 90 வீதத்துக்குக் குறைந்தால் நல்ல தொகுதியல்ல.

இப்போது தசை கட்ட வேண்டும். இதயக் கலம் 70, இழைய நார்க்கலம் 30 என்ற அளவில் கலந்து, கொலாஜன் என்ற புரதக் கூழில் ஊற்றுவார்கள். இந்த 30ஐத் தேவையில்லாத சேர்மானம் என்று நினைத்து விட்டுவிட்டால் தசையே உருவாகாது. நார்க்கலம்தான் கொலாஜனை இழுத்து இறுக்குகிறது. அது மிகுந்தால் ஒட்டு விறைத்து, மின் சமிக்ஞை நடுவில் அறுந்துபோகும். கொலாஜன் அமிலத்தில் கரைத்து வைக்கப்படுவதால் ஊற்றுவதற்குச் சற்று முன் சோடியம் ஐதரொட்சைட்டால் நடுநிலையாக்க வேண்டும். எல்லாம் ஐஸ் மேல் நடக்கும். கை தாமதித்தால் பிப்பெற்றுக்குள்ளேயே உறைந்துவிடும், குமிழி விழுந்தால் அந்த இடத்தில் பின்னர் கிழியும். 37 பாகையில் ஒரு மணித்தியாலத்தில் இறுகும். வளையும் தூண்களுக்கிடையே மாட்டி இழுவிசையில் வளர்க்க வேண்டும். சில நாளில் துண்டு முழுவதும் ஒரே லயத்தில் துடிக்கும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் தைக்கத்தக்க நிலைக்கு வரும்.

ஒசாக்காவின் தகட்டில் கொலாஜனே இல்லை. தட்டில் ஒருவகைப் பொலிமரைப் பூசியிருப்பார்கள். 37 பாகையில் கலங்கள் ஒட்டி வளரும், 32 பாகைக்குக் கீழே குளிர்ந்ததும் நொதியமில்லாமல் முழுத் தகடாகக் கழன்று வரும்.

நன்றாக வளர்ந்தாலும் அந்தத் தசை குழந்தைத்தனமானதுதான். அதில் மின் சமிக்ஞையைக் கலத்துக்குள் கொண்டுபோகும் குறுக்குக் குழாய்கள் குறைவு, கொழுப்பைவிட குளுக்கோசையே எரிக்கும், யாரும் சொல்லாமல் தானே துடிக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2018இல், துடிக்கத் தொடங்கியவுடனேயே மின் தூண்டலை ஏற்றினார்கள். நிமிடத்துக்கு 120 தடவையில் தொடங்கி, நாளுக்கு 20 கூட்டி, இரண்டு வாரத்தில் 360 வரை கொண்டுபோனதில் முதிர்ச்சி வெகுவாகக் கூடியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தடிப்பு. ஒட்சிசன் கசிந்து போகக்கூடிய தூரம் 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் மட்டுமே. இடது இதயவறைச் சுவரின் தடிப்போ ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். தடித்த ஒட்டைத் தைத்தால், நோயாளியின் குழாய்கள் உள்ளே வளருமுன் நடுப்பகுதி அழுகிவிடும். அதனால்தான் ஒரு பெரிய துண்டுக்குப் பதில் மெல்லிய பத்து துண்டுகளைப் போடுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்படாமல் கலங்களை ஊசியால் இதயத்தில் ஏற்றிவிடலாமே?
– வாசகர், பண்டாரவளை

அதுதான் முதலில் செய்யப்பட்டது. 2001இல் எலும்பு மச்சைக் கலம் இதயத் தசையாக மாறுகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. உடனே உலகெங்கும் நோயாளிகளுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். 2004இலேயே வேறு இரண்டு குழுக்கள் அப்படி மாறவில்லை என்று காட்டின. அதே துறையில் முன்னணியிலிருந்த ஓர் ஆய்வுகூடத்தின் 31 கட்டுரைகளை மீளப்பெற வேண்டும் என்று 2018இல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பரிந்துரைத்தது. ஐரோப்பாவில் 3000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட மச்சைக் கலப் பரிசோதனை ஒன்று 375 பேருடன் நின்று, எந்த முடிவும் சொல்ல முடியாமல் போனது. பதினைந்து வருடங்களைத் தின்ற பாதை இது. சற்றுக் கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

உண்மையான இதயக் கலத்தை ஊசியால் ஏற்றினாலும் இரண்டு தொல்லைகள் உண்டு. துடிக்கும் தசை ஊசித் துளை வழியே பிதுக்கித் தள்ளுவதாலும் குருதியோடு போவதாலும் முதல் நாட்களிலேயே பெரும்பகுதி இழக்கப்படும். மிஞ்சியது தானே துடிப்பதால் லயம் குழம்பும். 2014இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் குரங்குகளுக்கு 100 கோடி கலம் ஏற்றியபோது தசை நன்றாக வேரூன்றியது, ஆனால் எல்லாக் குரங்கிலும் லயக் கோளாறு வந்தது. கொட்டிங்கன் ஒட்டை வைத்த குரங்குகளில் அது காணப்படவில்லை. ஒட்டுக்கும் ஒரு விலை உண்டு: நெஞ்சைத் திறக்க வேண்டும். அத்தோடு கலம் இன்னொருவருடையது என்பதால் நிர்ப்பீடனத்தை (உடலின் நோயெதிர்ப்பை) அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தும் வேண்டும். அது உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடலாம், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கேள்வி: வெளிநாட்டு கிளினிக் ஒன்றில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து நாளத்தில் ஏற்றினால் மாமாவின் இதயம் சரியாகும் என்று ஒரு முகவர் சொல்கிறார். பல இலட்சம் கேட்கிறார். காணியை விற்றுப் போகலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

காணியை விற்காதீர்கள். நாளத்தில் ஏற்றும் கொழுப்புக் கலங்களில் பெரும்பாலானவை முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். இதயத்தைத் தேடிப் போய்த் தசையாவதில்லை. அயல்நாடான இந்தியாவின் 2017 தேசிய வழிகாட்டலே, குருதி நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர்ந்த வேறெதற்கும் மூலக்கலத்தை விற்பனைச் சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்கிறது.

முகவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கலம், யாருடையது, எத்தனை? பரிசோதனை என்றால் பதிவு இலக்கம் என்ன? (இலங்கைக்கும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இருக்கிறது. எந்த நாட்டின் இலக்கமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம்.) நெறிமுறைக் குழு எது? ஏற்றிய பிறகு லயத்தை எத்தனை நாள் கண்காணிப்பார்கள்? கட்டணம் எதற்கு? நேர்மையான பரிசோதனையில் பரிசோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. முதுகுவலி, நீரிழிவு, முடி உதிர்வு, இதயம் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்றால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

மாமாவின் இதயம் மருந்துக்கு அடங்காத நிலையில் இருந்தால், இதய மாற்று பற்றிக் கேட்க வேண்டிய இடம் அரச இருதய சத்திரசிகிச்சைப் பிரிவு. இலங்கையின் முதல் இதய மாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் நடந்தது கண்டியில்தான்.

கேள்வி: மகளுக்கு 16 வயது. வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டிருக்கிறது. மாதம் ஒரு ஊசி போடுகிறோம். ஸ்டெம் செல் வந்தால் ஊசியை நிறுத்தலாமா?
– தாய், மஸ்கெலியா

ஊசியை நிறுத்தவே வேண்டாம் அம்மா. மகளுக்குப் பழுதானது தசையல்ல, வால்வு. நாம் மேலே சொன்ன ஒட்டு எதுவும் அதைத் தொடாது. தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியை எதிர்த்துக் கிளம்பும் நிர்ப்பீடனம் வால்வையும் தாக்குவதால் வரும் நோய் இது. ஒவ்வொரு புதுத் தொண்டைநோவும் வால்வை இன்னும் கொஞ்சம் சுருக்கும். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் 12 இலட்சம் அலகு பென்சதீன் பென்சிலின் அதைத் தடுக்கிறது. வலிக்கிறது என்று பிள்ளைகள் தட்டிக்கழிப்பார்கள். மருந்தை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு மெதுவாக ஏற்றச் சொன்னால் வலி குறையும். திருமணம், பிள்ளைப்பேறு பற்றிப் பேசுமுன் எக்கோ பார்த்து இருதய வைத்தியரிடம் கேட்க வேண்டும். ஈர்வால்வு (இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு) சுருங்கியிருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், கர்ப்பத்துக்கு முன் செய்வது நல்லது.

கேள்வி: குழந்தை பிறக்கும்போது தொப்புள்கொடிக் குருதியைச் சேமித்தால் பிற்காலத்தில் இதயத்துக்கு உதவுமா?
– வாசகர், நுவரெலியா

உதவாது. அதிலுள்ளவை குருதியை உருவாக்கும் மூலக்கலங்கள். சில குருதிப் புற்றுநோய்களுக்கும் தலசீமியாவுக்கும் பயன்படும், இதயத் தசை ஆகாது. எதிர்காலத்தில் தேவைப்பட்டால் பிள்ளையின் சாதாரண குருதித்துளியிலிருந்தே மூலக்கலம் செய்யலாம்.

கேள்வி: அந்தக் கொலாஜன் மாட்டிலிருந்து வருகிறதாமே? நாங்கள் மாட்டிறைச்சி தொடாத குடும்பம்.
– வாசகி, டிக்கோயா

கொட்டிங்கன் ஒட்டில் இருப்பது மாட்டுக் கொலாஜன்தான். ஒசாக்காத் தகட்டில் கொலாஜன் இல்லை. ஆனால் இது ஒட்டுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. இன்று பொருத்தப்படும் இழைய வால்வுகள் மாட்டின் இதயவுறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படுகின்றன. குருதி உறையாமலிருக்கப் போடும் ஹெப்பரின் ஊசி பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து வைக்குமுன் சொல்லுங்கள். வால்வென்றால் உலோக வால்வு இருக்கிறது. அதற்கு வாழ்நாள் முழுவதும், குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும், அதன் அளவைப் பார்க்கும் ஐ.என்.ஆர். குருதிப் பரிசோதனையும் வேண்டும். ஹெப்பரினுக்குப் பதிலாக ஃபொண்டாபாரினக்ஸ் போன்ற செயற்கை மருந்து சில நிலைமைகளில் போதும், திறந்த இதயச் சத்திரசிகிச்சைக்கு அது போதாது.